வெல்லக்கட்டியும் சோப்புக்கட்டியும்

சித்திரை வெயில் பிறந்துவிட்டால் மணலியை அடுத்த மாத்தூரிலும் கட்டி, கொப்புளங்களோடு வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறோம். ஏன் வந்ததென்று கேட்டால் ஒருவர் சாமி குற்றம் என்கிறார். ஒருவர் கண்ணேறு என்கிறார். மற்றொருவர் மாம்பழத்தின்மேல் பழி போடுகிறார். வேர்வை ஊறிய சட்டையையும் அழுக்கு நகத்தையும் குற்றம் சொல்லுவார் ஒருவருமில்லை!

தோழர்களே! கட்டியின் சீழில் கிருமி இருப்பதைப் பிரான்சு நாட்டுப் பாஸ்டரும் ஸ்காட்லாந்து வைத்தியர் ஆக்ஸ்டனும் 1880-லேயே கண்டு சொல்லிவிட்டார்கள். அக்கிருமி பலருடைய தோலிலும் மூக்கினுள்ளும் குடியிருப்பது. சொறிந்த இடம், சிரைத்த இடம் கண்டால் மயிர்க்கால் வழியே உள்ளே புகுந்துவிடும். அதற்கு ஜாதியும் தெரியாது, ராசியும் தெரியாது.

இப்படியிருக்க நம் ஜனங்கள் செய்வதென்ன? வைத்தீசுவரன் கோயிலுக்கு ரயிலேறிப் போய்க் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல் கட்டி கரையுமாம்! வெல்லம் கரைவது தண்ணீரின் குணமா, சாமியின் குணமா? வீட்டுக் குடத்தில் போட்டால் கரையாதா? சிறு கட்டி தானே பழுத்து உடைந்து ஆறக்கூடியது. ஆறினால் சாமிக்குப் புகழ். ஆறாவிட்டால் நம் பாவமா? காசு போனாலும் போகட்டும். நீரிழிவுக்காரர் பிளவையோடு நாள் பார்த்துக் காத்திருந்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிரே போகலாமே!

பாட்டிமார் சூடாகக் களி கிண்டிக் கட்டியதை நாம் பரிகாசம் செய்யவில்லை. வேலை செய்தது சூடு, மந்திரமல்ல. பொறுக்கும் சூட்டு வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்து, பத்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். உடைந்தால் கழுவிக் கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துண்டும் சவரக்கத்தியும் ஆளுக்கு வேறாக இருக்கட்டும். காய்ச்சல் கண்டாலோ, முகத்தில் வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ அரசு சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கேட்டு நாலு மாத்திரை விழுங்காதீர்கள். 1928-ல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது இக்கிருமியை வளர்த்த தட்டிலேதான்; இன்று இக்கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கே அடங்குவதில்லை.

குளிக்கத் தண்ணீர் இல்லையா? அதற்கும் சாமியிடம் போகாதீர்கள். மாநகராட்சியைப் போய்க் கேளுங்கள். குளத்தில் கரைக்கும் வெல்லக்கட்டியின் காசுக்கு ஒரு சோப்புக்கட்டி வாங்கலாம். உடம்பில் வரும் கட்டிக்கு எந்தக் கட்டி மேலென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!