தாத்தாவும் வலம் வரட்டும்!

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? வழியில் கரிவலம்வந்தநல்லூர் வரும். இவ்வளவு நீளப் பெயரா என்று மலைக்க வேண்டாம். ஊர்க்காரர்கள் 'கரிவலம்' என்று சுருக்கி விடுவார்கள். கரி என்றால் யானை. யானை வலம் வந்து வணங்கிய நல்ல ஊர். பால்வண்ணநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர்.

அந்த ஊரில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது 68. சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், டயாலிஸிஸ் இயந்திரம் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்.

வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? தாத்தா செம்பை எடுக்கக் கை நீட்டினால் மருமகள் ஓடி வருகிறாள். "நீங்க ஏன் மாமா எந்திரிக்கீங்க? நான் எடுத்துத் தாரேன்." வாசல் பக்கம் போனால் மகன், "வெயில்ல எங்கப்பா போறீங்க? படுங்க" என்கிறான். பேரன் செருப்பையே ஒளித்து வைத்து விடுகிறான்! எல்லாம் அன்புதான். ஆனால் இந்த அன்பே அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிடுகிறதே, அதுதான் சங்கடம்.

65 வயது தாண்டியவர்கள், இறந்தவர் தானமாகத் தரும் உறுப்புக்குப் பெயர் பதிய முடியாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2023-ல் மத்திய சர்க்கார் அதை எடுத்துவிட்டது. ஆகவே வயது இப்போது கதவைச் சாத்துவதில்லை. தளர்ச்சிதான் சாத்துகிறது. அழைப்பு நடுநிசியிலும் வரலாம். சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அன்றைக்கு உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர்கள் கருதினால், அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தளர்ச்சியை எப்படிக் கண்டுகொள்வது? காரணமின்றி எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல் என்று ஐந்து அடையாளம் சொல்கிறார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். கட்டிலில் கிடக்கக் கிடக்கத் தசை கரையும். தசை கரையக் கரைய எழுந்திருக்கவே மனம் வராது.

அதனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தாத்தாவை நடக்க விடுங்கள். டயாலிஸிஸ் முடிந்து வந்த மாலையில் வேண்டாம், தலை சுற்றும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போகட்டும். அடுத்த வாரம் கோயில் வாசல் வரை. பிறகு பிராகாரத்தில் ஒரு சுற்று. டயாலிஸிஸ் ஊசி போடும் கையில் மட்டும் பை, குடம் எதையும் தொங்கவிடக் கூடாது.

அடுக்களைக்கும் வேலை உண்டு, அம்மா. டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்து, நாள் முழுவதும் அதிலிருந்தே கொடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தாகத்தைக் கிளப்பும். வெயிலுக்கு இதமென்று இளநீரை நீட்டாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் இவருக்கு விஷமாகலாம். காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

சரி, தெய்வாதீனமாக ஆபரேஷனும் ஆயிற்று. இது இன்று நேற்று வந்த வித்தையல்ல. 1971-லேயே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை; புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்துத் தைப்பார்கள். ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவும் சொல்வார்கள். முன்பே நடந்து பழகிய கால் அப்போது கைகொடுக்கும்!

வீடு திரும்பியதும் கடிகாரம்தான் எஜமானர். புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியனென்று தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை உண்டு. பெரும்பாலும் காலை, இரவு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி; ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. பம்ப்ளிமாஸ் பழம் அந்த மருந்தோடு சண்டை போடும், வேண்டாம். காப்பி டம்ளர் பிடிக்கும் கை சற்று நடுங்கினால், அது மருந்தின் குணமாகவும் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், கேலி செய்யாதீர்கள்.

நோயை எதிர்க்கும் சக்தியையும் அந்த மாத்திரை குறைத்துவிடும். எனவே முதல் சில மாதம் ஆவணித் தபசுக் கூட்டம், கல்யாணப் பந்தி, மாட்டுத் தொழுவம் எல்லாவற்றுக்கும் விடுப்பு. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் காத்திருக்கிறாரா? நாளைக் காலை அவர் தண்ணீர்ச் செம்புக்காக எழுந்தால், பறந்து போய் எடுத்துக் கொடுக்காதீர்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள், போதும். ஒளித்து வைத்த செருப்பைப் பேரன் திருப்பிக் கொடுக்கட்டும். கரி வலம் வந்த ஊரில் தாத்தாவும் வலம் வரட்டுமே!