வாடை இல்லாத மீன்

நின்றுபோயிருந்த ஆய்வு உதவித்தொகை ஏழு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. கடன்களை அடைத்தது போகக் கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பணத்தில் அம்மாவை நகரத்தின் பெரிய கடலுணவு உணவகம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் எடுத்து, பெரம்பூர்ப் பக்கம் தெருத்தெருவாக முப்பது ஆண்டுகளாக மீன் விற்பவர் அவர். ஒரு நாளாவது யாரோ பரிமாற உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கிளம்புவதற்கு முன் அம்மா இரண்டு முறை குளித்தார். எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு விரல் இடுக்குகளைத் தேய்த்தார். கூடுதலாக ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "ஏசி ரூமுல வாடை நிக்கும்டீ" என்றார். மீன் சாப்பிடத்தான் போகிறோம். ஆனால் நம் மேல் மீன் வாடை அடித்துவிடுமோ என்று பயந்துகொண்டு போகிறோம்.

உள்ளே நுழைந்ததும் ஐஸ் மேல் வஞ்சிரம், கொடுவா, சங்கரா, இறால், நண்டு என்று அடுக்கி வைத்திருந்தார்கள். நாம் காட்டும் மீனை எடைபோட்டுச் சமைத்துத் தருவார்கள். அம்மாவின் கை தானாக நீண்டது, செவுளைத் தூக்கிப் பார்க்க. "அம்மா, தொடாதீங்க" என்றார் அங்கு நின்ற இளைஞர்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சுகாதாரம் கருதிய விதி அது. யார் கை நீட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தேன். அந்த வேகம் அன்றைக்கு வந்ததல்ல. கூடையை வாசற்படியில் வைக்காதே என்று சொன்ன வீடுகள், காசைக் கையில் தராமல் திண்ணையில் வைத்த வீடுகள், அவர் எழுந்து போனதும் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிய வீடுகள் அந்தக் கைக்குப் பழக்கிக் கொடுத்தது.

சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரர் தன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "இங்க மீன் வாடையே அடிக்காது, அதுதான் ஸ்பெஷல்." அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீனுக்கு வாடை உண்டு. ஆனால் அது யாருடைய குற்றமாகிறது என்பதைச் சாதியும் வர்க்கமும் தீர்மானிக்கின்றன. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு முதிய பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடம் ஒன்றில் சைவம் உண்போருக்கும் அசைவம் உண்போருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு எடுத்தார்கள். வாடகைக்கு வீடு தேடிய நம்மில் எத்தனை பேர், "நீங்க வெஜ்தானே?" என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கேள்வியைக் கேட்காமல் தப்பித்திருக்கிறோம்?

இதே நகரத்தில் அதே மீன் குளிரூட்டிய அறைக்குள், வெள்ளைத் தட்டில், எலுமிச்சைத் துண்டோடு வரும்போது உயர்ந்த ரசனையாகிவிடுகிறது. மெனு கார்டில் 'மீனவர் வீட்டுக் குழம்பு' என்று ஒரு வரி இருந்தது. மீனவர் வீடுகளில் அடிக்கடி கொதிக்கும் மத்தியும் காரப்பொடியும் அதில் இல்லை. கருவாடு எந்தப் பக்கத்திலும் இல்லை. மீனவர் என்ற பெயர் விலை போகிறது. மீனவர் சாப்பாடு உள்ளே வர முடிவதில்லை.

மீனவரும்கூட வர முடிவதில்லை. 2023 ஏப்ரலில், மெரினா லூப் சாலையில் மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. சாலை வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024-இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் வேண்டியவைதான். ஆனால் கார்கள் நகர்வதற்காக முதலில் யாரை நகர்த்துவது என்ற கேள்விக்கு இந்த நகரம் எப்போதும் ஒரே பதிலை வைத்திருக்கிறது. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களை அகற்றியபோது எழுந்த போராட்டம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது.

உணவகத்தின் கதவு நமக்குச் சும்மா திறந்ததல்ல. கடைகள், உணவகங்கள், விடுதிகளில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்துத் திராவிடர் கழகத் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்கள். ஆகவே "இங்கெல்லாம் எதற்குப் போகிறாய்?" என்று என்னிடம் கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: போவேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டே போவேன். நல்ல சாப்பாடும் நல்ல நாற்காலியும் ஆதிக்கச் சாதிகளுக்கு எழுதிவைத்த சொத்தல்ல.

ஆனால் பலகை இறங்கிய இடத்தில் இப்போது பில் நிற்கிறது. நாங்கள் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. அந்த 61 நாட்களுக்குக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். நாளுக்கு 131 ரூபாய். எங்கள் இருவருக்கும் அன்று வந்த பில் 4,130 ரூபாய். ஒரு குடும்பத்தின் ஒரு மாத நிவாரணம். அந்தப் பில்லை வாங்கிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட அதில் பேரம் பேசியதை நான் பார்க்கவில்லை. அம்மாவிடம் இருபது ரூபாய்க்கு இருபது நிமிடம் பேசுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நான் பிறந்த பட்டினவர் சமூகமும் சாதிக்கு வெளியே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை கடற்கரையின் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு எங்கள் ஊர்க்கூட்டங்களில் இடமில்லை. பேருந்தில் அம்மா அவமானப்பட்டதைப் பேசும் வாய், நம் குப்பத்தில் நாம் யாரைத் தள்ளி நிறுத்துகிறோம் என்பதையும் பேச வேண்டும். நமக்கு மேலே இருப்பவரிடம் மட்டும் கேட்பது சாதி எதிர்ப்பு ஆகாது.

இந்தப் பத்தியைப் படிக்கும் தோழர்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தெருவில் மீன் வாங்கும்போது காசைக் கையில் கொடுங்கள். பேருந்தில் கூடையோடு ஒருவர் ஏறினால் மூக்கைப் பொத்தாதீர்கள். இறக்கிவிட முயன்றால் எழுந்து நில்லுங்கள். 'சைவம் மட்டும்' என்று சொல்லும் வீட்டுக்காரரிடம், சைவமாகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். மீன்கடைகளை அகற்றும்போது அது 'அவர்கள்' பிரச்சினை என்று கடந்துபோகாதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் வந்தன. அம்மா விரல்களை நனைத்துத் துடைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "மீனு மூணு நாளு ஐஸுல கெடந்தது. செவுளைப் பாக்க வுட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அம்மா கையை முந்தானைக்குள் கொண்டுபோகவில்லை.