நாற்பது வயதில் யாரும் 'பாப்பா' அல்லர்

கற்றல் குறைபாடு என்றதும் நம் மனத்தில் வருபவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தாம். சிறப்புக் கல்வி வகுப்புகளைப் பற்றி இன்று ஓரளவு பேசுகிறோம். 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளும் வளர்கிறார்கள். பத்தொன்பது வயதையொட்டிப் பள்ளிக் கதவு மூடிய பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்?

ஈப்போவில் ஒரு பயிற்சி மையத்தில் வார இறுதிகளிலும் பல்கலைக்கழக விடுமுறையிலும் சிகிச்சை உதவியாளராக வேலை செய்கிறேன். அங்கு வருகிறவர்கள் பெரியவர்கள். சிலருக்கு டவுன் சிண்ட்ரோம், சிலருக்கு ஆட்டிசம். சிலருக்கு என்ன குறைபாடு என்று இதுவரை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சிகிச்சை என்றால் மருந்து, ஊசி என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். என் வேலையில் அவை இல்லை. அன்றாடச் செயல்களைப் பயிற்றுவிக்கும் சிகிச்சையாளர் திட்டம் வகுத்துத் தருவார். அதன்படி உடனிருந்து பழக்குவது என் பணி. ஒரு குவளை தே ஓ கலக்குவது நமக்கு ஒரே செயல். பிரித்துப் பார்த்தால் குவளையை எடுப்பது, தேயிலை போடுவது, சுடுநீர் ஊற்றுவது, சரியான அளவில் நிறுத்துவது, சீனி போடுவது என்று பத்துப் படிகளாவது வரும். சிலருக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். மற்றதையெல்லாம் நாங்கள் செய்து, கலக்குவதை மட்டும் அவரிடம் விடுவோம். முடித்தவர் அவர் என்பதால் அந்தத் தே ஓ அவர் போட்டது ஆகிவிடும். அடுத்த வாரம் சீனியும் அவர் பொறுப்பு. இதில் கடினமான பகுதி காத்திருப்பதுதான். ஒன்றைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணவேண்டும். ஆறு எண்ணுவதற்குள் நம் கை குறுக்கே போகத் துடிக்கும். போய்விட்டால் அவர் நிறுத்திவிடுவார்.

வீட்டிலும் வெளியிலும் நடப்பது இதுதான். எல்லாருடைய கையும் குறுக்கே போகிறது. "பாப்பா சாப்பிட்டிருச்சா?" என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கப்படுபவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், பக்கத்திலேயே நிற்பார். என்னை 'நீங்க' என்பவர்கள், என்னைவிட இருபது வயது மூத்தவரை 'அவன்', 'அது' என்பார்கள். மரியாதையை வினைச்சொல்லின் விகுதியிலேயே வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்த விகுதியை ஒருவருக்கு மட்டும் மறுப்பது சின்ன விஷயமல்ல. குழந்தையாக அழைக்கப்படுபவருக்குச் சில்லறை எண்ணக் கற்றுத் தருவதில்லை. எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்பதில்லை. சொன்னபடி கேட்டால் 'நல்ல பிள்ளை'. 'வேண்டாம்' என்று சொல்லவே பழகாத ஒருவரை ஏமாற்றுவதும் துன்புறுத்துவதும் எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நம் சமூகத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. இப்படிப்பட்ட ஒருவர் எங்கே நடந்தாலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். கோயில் திருவிழாவில் தண்ணீர் சுமக்க, மாடு மேய்க்க, கட்டிப்பால் பொறுக்க அவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை; அவருக்குப் பள்ளியும் இல்லை, முறையான சிகிச்சையும் இல்லை. ஆனால் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது அந்த அக்கம்பக்கம் கூட வரவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, நான்காம் மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சி மட்டுமே துணை.

உதவி இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம், 'பிடிகே' நிலையங்களாக இன்று நாடெங்கும் இயங்குகிறது. வேலையிடத்துக்கே வந்து பழக்கித் தரும் 'ஜோப் கோச்' முறையும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு முதல் படி மாற்றுத்திறனாளி அட்டை. மருத்துவர் உறுதிப்படுத்திய பாரத்துடன் சமூக நலத்துறையில் பதியவேண்டும். பதிவு கட்டாயமில்லை, நாமாகப் போனால்தான் கிடைக்கும். நான் பார்த்த குடும்பங்களில் சிலர் போகவில்லை. பாரம் மலாய் மொழியில் இருப்பது ஒரு தயக்கம். "தங்கச்சிக்கு வரன் பார்க்கணும், வெளியே தெரியவேண்டாம்" என்பது இன்னொன்று.

வெளியே தெரியவேண்டாம் என்ற அந்தப் பயத்தை வளர்ப்பதில் மாணவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. ஈப்போ வட்டாரத்தில் ஒருவரைக் கேலி செய்ய 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப் பெயரே போதும். 1911இல் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனைதான் இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. அது மனநோய்க்குச் சிகிச்சை தரும் இடம். மனநோய் வேறு, கற்றல் குறைபாடு வேறு. முன்னது யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், குணமும் ஆகலாம். பின்னது சிறு வயதிலிருந்தே தொடரும் நிலை. இரண்டையும் ஒரே வசவில் அடைப்பது இரு தரப்பையும் காயப்படுத்துகிறது.

"சிலரால் உண்மையிலேயே எதுவும் செய்ய முடியாதே" என்று கேட்கலாம். ஆயுள் முழுதும் உதவி தேவைப்படுவோர் உண்டு. குளிப்பாட்டி, உடுத்திவிட வேண்டியவர்களும் உண்டு. உதவி தேவைப்படுவதால் ஒருவர் குழந்தையாகிவிடுவதில்லை. படுக்கையில் கிடக்கும் தாத்தாவை நாம் பாப்பா என்று அழைப்பதில்லையே!

வயதான தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" அதற்கு அரசாங்கம் பதில் சொல்லவேண்டும், தோட்டப்புறத்திலிருந்து மையத்துக்கு வர வாகன வசதியும், பள்ளிக்குப் பிந்தைய பயிற்சி இடங்களும் கூடவேண்டும். ஆனால் தாய் இருக்கும்போதே அவர் தே ஓ கலக்கவும், காசு எண்ணவும், பிடிக்காததை மறுக்கவும் கற்றிருந்தால் அந்தக் கேள்வியின் பாரம் கொஞ்சம் குறையும்.

மலாய் பாரத்தை நிரப்பத் தெரிந்த தலைமுறை நாம். உங்கள் தாமானில், அடுக்குமாடியில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். அங்கே போகும்போது அவரை அண்ணன், அக்கா என்று கூப்பிடுங்கள். கேள்வியை அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள்.