லேப்டாப்பை ஃபார்மெட் பண்ணப் போறீங்களா? மெயிலைக் காப்பாத்துறதும் பணத்தைக் காப்பாத்துறதுதான்

நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி, டேர்ம் இன்சூரன்ஸ், பி.எஃப்-னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு பேசப்போற விஷயத்தைக் கேட்டா, "இது ஃபைனான்ஸா, கம்ப்யூட்டர் கிளாஸா?"ன்னு தோணலாம். ஃபைனான்ஸ்தான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: லேப்டாப்ல விண்டோஸைப் புதுசா போடும்போது மெயிலைப் பழையபடி கொண்டுவர்ற வேலையை, சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தரும் தன் கையாலேயே செய்யணும். கடைக்காரர் தலையில கட்டக்கூடாது.

ஏன் இப்போ பேசணும்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. அதனால பழைய லேப்டாப்பை ஃபார்மெட் பண்ணி விண்டோஸ் 11-க்கு மாறுறவங்க இருக்காங்க. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துல இருந்து வண்டலூர் ரோடு வழியா ஒரகடத்துக்கு வேலைக்குப் போறவங்களுக்கு, இதுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறது வாரத்துல ஒரு நாள்தான். காலையில கடையில கொடுத்துட்டு சாயங்காலம் வாங்கிக்கிறோம். கடைக்காரர் நியாயமா கேட்கிறார்: "டேட்டா ஏதாச்சும் வேணுமா?" நம்ம பதில்: "போட்டோ மட்டும் எடுத்து வைங்கண்ணா." சிக்கலே அந்தப் பதில்லதான் ஆரம்பிக்குது.

மெயில்ல அப்படி என்ன பணம் இருக்கு?

உங்க இன்பாக்ஸைக் கொஞ்சம் தேடிப் பாருங்க. ஃபார்ம் 16, இன்சூரன்ஸ் பிரீமியம் ரசீது, ஷேர் வாங்கி வித்ததுக்கான கான்ட்ராக்ட் நோட், என்.எஸ்.டி.எல் அல்லது சி.டி.எஸ்.எல் அனுப்புற கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட், வருமான வரித் துறையோட இன்டிமேஷன்னு எல்லாம் வரிசையா இருக்கும். நம்ம அப்பா காலத்துல இதெல்லாம் பீரோவுல மஞ்சப்பையில இருந்துச்சு. நமக்கு அந்த மஞ்சப்பை மெயில்தான். பீரோவை வித்துட்டு, பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அப்புறம் யோசிக்கிற ஆளா நாம இருக்கக்கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கு. உங்க கணக்குல இருந்து உங்களுக்குத் தெரியாம பணம் போச்சுன்னா, ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை ஒரு பாதுகாப்பு கொடுத்துச்சு. அந்தச் சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்லன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள நீங்க சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4-ல இருந்து 7 வேலை நாள் ஆச்சுன்னா ஒரு பகுதி உங்க தலையில. அதையும் தாண்டினா, அந்த பேங்க்கோட பாலிசி என்ன சொல்லுதோ அதுதான். "எஸ்.எம்.எஸ் வருமே?"ன்னு கேட்பீங்க. வரும். ஆனா நம்பர் மாத்தி பேங்க்ல சொல்லாம இருந்தா? மெயிலை ரெண்டு வாரம் திறக்காம விட்டுட்டு, அப்புறம் போய் வாதாடுறது கஷ்டம்.

"செட்டிங்ஸ் பேக்கப் எடுத்துட்டேன்"னா போதுமா?

போதாது. இங்கதான் பலர் ஏமாந்து போறாங்க. மெயில்னு நாம சொல்றது மூணு தனித்தனி விஷயம்.

1. மெயில்கள். உங்க கணக்கு ஐமேப் முறையில இருந்தா மெயில் சர்வர்லயே இருக்கும். லேப்டாப் போனாலும் கவலை இல்ல. பாப் முறையில, "சர்வரில் ஒரு காப்பி வை" டிக் இல்லாம இருந்தா, மெயில் எல்லாம் லேப்டாப்புக்கு இறங்கி சர்வர்ல இருந்து அழிஞ்சிடும். அப்போ ஃபார்மெட் பண்ணா மொத்தமும் போச்சு. சின்ன கம்பெனி, சொந்த டொமைன்ல மெயில் வெச்சிருக்கவங்க இதை முதல்ல பாருங்க.

2. செட்டிங்ஸ். சர்வர் பேரு, போர்ட் நம்பர், கையெழுத்து, மெயிலைத் தானா பிரிச்சுப் போடுற ரூல்ஸ். அவுட்லுக்ல எக்ஸ்போர்ட் பண்ற பி.எஸ்.டி ஃபைல்ல மெயில், காலண்டர், கான்டாக்ட் எல்லாம் வரும். அக்கவுண்ட் செட்டிங்ஸும் ரூல்ஸும் வராது. அதனால அக்கவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ரூல்ஸைத் தனியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. தண்டர்பேர்டு இந்த விஷயத்துல நல்ல பிள்ளை. மென்பொருளை மூடிட்டு, அதோட புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணா மெயில், செட்டிங்ஸ், முகவரி, பாஸ்வேர்டு எல்லாமே அதுக்குள்ள இருக்கும். பாஸ்வேர்டும் கூட வர்றதால, அந்த பென்டிரைவ் உங்க வீட்டு சாவி மாதிரி. பிரைமரி பாஸ்வேர்டு போட்டுட்டு காப்பி எடுங்க.

3. உள்ள போற சாவி. பாஸ்வேர்டு, ரெண்டாவது கட்ட சரிபார்ப்பு, மீட்பு நம்பர். "நான் ஜிமெயிலை பிரவுசர்ல தானே பாக்குறேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேட்கிறவங்களுக்கு சிக்கல் இங்கதான். பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டு, சிங்க் ஆன்ல இல்லன்னா ஃபார்மெட்டோட போயிடும். மீட்பு நம்பர் 4 வருஷத்துக்கு முன்னாடி தூக்கிப்போட்ட சிம்மா இருந்தா, மெயில் பத்திரமா சர்வர்ல இருக்கும், நீங்கதான் வெளிய நிப்பீங்க. கூகுள் கணக்குல 10 பேக்கப் கோடு எடுக்கலாம். ஒரு தாள்ல எழுதி, ஆதார் நகல் வைக்கிற இடத்துலயே வைங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

பல லேப்டாப்ல பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன்ல இருக்கு. "டி டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன், அதுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நம்பாதீங்க. விண்டோஸை மாத்தினப்புறம் அந்த டிரைவ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அந்த கீ பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். அதுக்குள்ள போக மெயில் வேணும். மெயிலுக்குள்ள போக பாஸ்வேர்டு வேணும். இப்போ புரியுதா, எது எதுல மாட்டியிருக்குன்னு? அதனால பேக்கப் வெளியில இருக்குற டிரைவ்லதான் இருக்கணும்.

அடுத்து, கிராக் பண்ண விண்டோஸ் வேண்டவே வேண்டாம். லேப்டாப் வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் வந்திருந்தா, அதோட டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோட சேர்ந்தது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டு நெட் கொடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிடும். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கினதை விட்டுட்டு, யாரோ செஞ்ச ஆக்டிவேட்டரைப் போட்டு, அதே லேப்டாப்ல நெட் பேங்கிங் பாஸ்வேர்டு அடிக்கிறது என்ன சிக்கனம்?

திரும்ப கொண்டுவரும்போது

முதல்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. பழைய லேப்டாப்ல அது தப்பா இருந்தா, சர்வரோட பேசும்போது சர்டிஃபிகேட் எரர் வரும். நாம பாஸ்வேர்டு தப்புன்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருப்போம். அப்புறம் விண்டோஸ் அப்டேட். அதுக்கப்புறம் பிரவுசர்ல மெயில் திறக்குதான்னு பாருங்க. அது சரின்னா மட்டும் அவுட்லுக், தண்டர்பேர்டு பக்கம் போங்க. தண்டர்பேர்டுல பழைய வெர்ஷனைவிடக் கீழான வெர்ஷன் போட்டுட்டு பழைய புரொஃபைலைத் திறக்காதீங்க.

சாதாரண ஜிமெயில் கணக்குல, வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கிற பழைய மெயில் மென்பொருளுக்கு 2022 மே 30-ல கூகுள் கதவை மூடிடுச்சு. அதனால பேக்கப்ல இருந்த பழைய செட்டிங்ஸ் அப்படியே வந்தாலும் உள்ள விடாம போகலாம். கூகுள் லாகின் பக்கம் வழியா சேருங்க. அந்த வசதி இல்லாத மென்பொருள்னா, ரெண்டு கட்ட சரிபார்ப்பை ஆன் பண்ணி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுங்க. பாப் கணக்கா? முதல் தடவை மெயில் இறங்குறதுக்கு முன்னாடியே "சர்வரில் காப்பி வை" டிக்கைப் போட்டுடுங்க. கடைசியா, உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க.

ஆபீஸ் மெயில் உங்க மெயில் இல்ல

இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பி.எஃப், மியூச்சுவல் ஃபண்ட், டிமேட் எதுலயும் ஆபீஸ் மெயில் ஐ.டி கொடுக்காதீங்க. நம்ம பக்கத்துலயே பாத்தோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல மூடுச்சு, மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல உற்பத்தியை நிறுத்துச்சு. ஆலை ஓடிக்கிட்டே இருந்தாலும், நாளைக்கு நீங்களே நல்ல சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போகலாம். வேலை முடிஞ்சா ஆபீஸ் ஐ.டி-யும் முடிஞ்சது. எந்த பேக்கப்பும் அதைக் கொண்டுவராது.

மெயில் பேக்கப்புக்கு வட்டி வராது, அதனால யாரும் இதை உங்களுக்கு விக்க வரமாட்டாங்க. செலவு ஒரு பென்டிரைவ், ரெண்டு மணி நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்க: மெயிலோட மீட்பு நம்பர் இப்போ கையில இருக்குற நம்பர்தானான்னு பாருங்க. லேப்டாப் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாத்துடுங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம்.