ஏறிய ஏணியை உதைத்த நகரசபை

"கல்வியற்றவர், வேலையற்றவர், ஒன்றுக்கும் உதவாதவர்" என்று ஒரு மக்கட் கூட்டத்தை ஒதுக்கி வைப்பது ஆள்வோருக்குக் கைவந்த கலை. அவ்வாறு ஒதுக்கப்பட்டவர் தம் ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டிவிட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரம் அதற்கு விடை கூறுகின்றது.

1960களில் அந்நகரில் நோயாளரை ஏற்றிச் செல்வது பொலிசாரின் வேலை. நோயாளி வண்டியின் பின்புறத்திற் கிடத்தப்படுவார். பொலிசார் முன்னே அமர்ந்து செல்வர். மூச்சுத் திணறியவருக்கு வழியில் உதவ எவருமிலர். கறுப்பின மக்கள் வாழ்ந்த 'ஹில்' பகுதிக்கோ அவ்வண்டியும் காலந்தாழ்த்தியே வந்தது. 1966ஆம் ஆண்டில் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லோறன்ஸ் கூட்டமொன்றிலே மயங்கி வீழ்ந்தார். சில நாட்களில் உயிர்நீத்தார். ஆளுநராயிருந்தவருக்கே வழியில் தக்க சிகிச்சை கிட்டவில்லையெனில், ஏழைக்கு எங்ஙனம் கிட்டும்?

1967இல் வைத்திய நிபுணர் பீற்றர் சஃபாரும் சமூகத் தொண்டர்களும் இணைந்து 'ஃபிரீடம் ஹவுஸ்' அம்புலன்ஸ் சேவைக்கு வித்திட்டனர். உதவாதவரென இகழப்பட்ட ஹில் பகுதி இளைஞரே அதன் பணியாளர். சுமார் 300 மணிநேரம் உடற்கூறும் முதலுதவியும் செயற்கைச் சுவாசமும் பயின்றனர். சேவை தொடங்கிய முதலாண்டிலேயே 5,000க்கு மேற்பட்ட அழைப்புகளுக்கு விரைந்தனர். வண்டியையே வைத்தியசாலையாக்கினர். 1974இல் வைத்தியர் நான்சி கரோலைன் பொறுப்பேற்றபின், அவர்களுடைய அனுபவத்தினின்று எழுந்த பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

இதற்குக் கிடைத்த பரிசு யாது? 1975 ஒக்ரோபரில் நகரசபை அச்சேவையை மூடியது! தன் பெயரிலே புதிய சேவையொன்றை நிறுவிற்று. அதிற் பெரும்பாலோர் வெள்ளையர். ஆண்டுக்கணக்கில் உயிர்காத்தவரைப் புதிய பரீட்சைகளால் வடிகட்டிற்று. எஞ்சியோருட் பலரை, அனுபவத்திற் குறைந்தவருக்குக் கீழே நிறுத்திற்று.

"தகுதி பார்க்க வேண்டாமா?" என்பர். பார்க்கட்டும்! சாகக் கிடந்தவரை எழுப்பியதிலும் மேலான தகுதி எது? வழி சமைத்தவரையே வழியினின்று தள்ளுவதற்கு வகுக்கப்பட்ட பரீட்சை, பரீட்சையன்று, பறிமுதல்.

அன்பர்களே, இன்று அந்நகரம் ஃபிரீடம் ஹவுஸின் பெருமையைப் பேசுகின்றது. பேசட்டும். ஆயினும் பறித்த தொழிலைப் பாராட்டுரை மீட்டுத்தராது. மக்கள் தம் கையாற் கட்டியெழுப்பிய நிறுவனத்தை ஆட்சி 'பொறுப்பேற்க' வரும்போது, முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கட்டியவருக்கு அங்கே இடமுண்டா?