என்கேஜ்டு டோனா, டெட் லைனா?

போன வாரம் காவிரிக் கரையில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். "பேத்தி கேக்கறாளேன்னு ஏதோ ஆன்லைன் விளையாட்டு வாங்கிக் குடுத்தேன் சார். புதுசா வந்ததாம். மூணு மாசமா வீட்டுல அதே பேச்சு. வாங்கி ஒரு வாரம் ஆகல, 'மகா மட்டம் தாத்தா'ங்கறா. நீங்கதான் இந்த வயசுல கம்ப்யூட்டருக்குள்ள கத்தியைத் தூக்கிட்டு அலையறீங்களே, இதையெல்லாம் நம்பி வாங்கலாமா?"

"கத்தி இல்லை, மந்திரக்கோல்" என்று திருத்தினேன். "பேத்திகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. உள்ளேயே போக முடியலையா, இல்லை போன பிறகு பிடிக்கலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சின் டக்கடக்கில் தொடங்கி சி-டாட்டில் முடித்தேன். ஆயிரம் சந்தாதாரர்கள் உள்ள எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் பேச வசதி வைக்கமாட்டோம். அப்படி வைத்தால் கட்டுப்படியாகாது. நாளின் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள், எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டு அதற்குத்தான் கட்டுவோம். எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909-இலேயே இதற்கு அடிக்கல் நாட்டிவிட்டார். ஆனால் தீபாவளி காலையில் எர்லாங்கும் கைகொடுக்கமாட்டார். ஊரே மகனையும் மகளையும் கூப்பிடும். எங்கும் என்கேஜ்டு. வசவு வாங்கிக் கட்டிக்கொள்வோம். வாங்கினாலும், மறுநாள் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

டெட் லைன் வேறு ஜாதி. ரிசீவரை எடுத்தால் காதில் ஒரு சத்தமும் இருக்காது. அதற்குக் காத்திருந்து பிரயோஜனமில்லை. தெருவைத் தோண்டி, தண்ணீர் புகுந்த கேபிளைக் கண்டுபிடித்து மாற்றத்தான் வேண்டும்.

புதிதாக வரும் ஒரு பெரிய ஆன்லைன் விளையாட்டு எதிர்பார்ப்பை நிறைவேற்றியதா என்று முதல் வாரத்தில் ஊரே கூச்சலிடும்போது, இந்த இரண்டில் எது என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு நான் கண்ட சிறந்த உதாரணம் நானே விளையாடும் ஃபைனல் ஃபேன்டசி 14.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. இது தனியாக உட்கார்ந்து ஆடுவதல்ல. பல ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே கற்பனை நாட்டுக்குள் ஒரே நேரத்தில் நடமாடுவார்கள். ஆளுக்கு ஒரு வேடம், ஒரு தொழில். சண்டை உண்டு, சமையல் உண்டு, மீன் பிடிக்கலாம், தையல் வேலை செய்யலாம். முடிவு என்று ஒன்று கிடையாது.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பர் 30 அன்று இதை வெளியிட்டது. 2002-இல் இதே வரிசையில் அவர்கள் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளரும் அவரேதான். அதனால் எதிர்பார்ப்பு மலையளவு. படங்களைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அழகுக்குக் குறைவே இல்லை. பின்னால் வந்த தயாரிப்பாளரே சொன்னது: சாலையோரம் கிடந்த ஒரு பூந்தொட்டிக்கு, ஓடியாடும் ஒரு மனித உருவத்துக்கு ஆகிற அளவு கணினி வேலை கொடுத்து வைத்திருந்தார்களாம். தொட்டி ஜொலித்தது. பக்கத்தில் நாலு பேர் வந்து நின்றால் கணினி திணறியது. இதைப் படித்தபோது, கல்யாண மண்டப வாசலில் லட்ச ரூபாய்க்குப் பூ அலங்காரம் செய்துவிட்டுப் பந்தியில் ரசம் போதாமல் போன ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது. யார் வீடு என்று சொல்லமாட்டேன்.

மற்றவையும் அப்படித்தான். ஒரு பொருள் வாங்க வேண்டுமானால் எங்கே கிடைக்கும் என்று தேடிப் பார்க்க வழியில்லை. சந்தையில் நிற்கும் ஒவ்வொரு ஆளாகப் போய் என்ன வைத்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும். காட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் சற்று முன் பார்த்த அதே மேடும் அதே பள்ளமும் திரும்ப வரும். ஒரே தொழிலில் வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் பலன் படிப்படியாகக் குறைந்து, பிறகு ஒன்றுமே கிடைக்காது. பிள்ளைகள் அளவோடு விளையாடட்டும் என்ற நல்ல எண்ணமோ என்னவோ. காசு கொடுத்து வந்தவனை உழைத்தது போதும் என்று அனுப்பினால் அவன் என்ன நினைப்பான்?

இது டெட் லைன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று யார் சொல்லியிருந்தாலும் அது தவறான யோசனைதான்.

ஆனால் அந்த நிறுவனம் செய்ததை நம் ஊரில் எத்தனை பேர் செய்வார்கள் என்று தெரியவில்லை. 2010 டிசம்பரில் தலைவர் யோயிச்சி வாதா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பழைய தயாரிப்பாளர் விலகினார், நவோகி யோஷிதா என்பவர் பொறுப்பேற்றார். 2012 ஜனவரி வரை மாதக் கட்டணம் வாங்கவில்லை. யோஷிதா இருந்ததை ஒட்டுப்போட்டுச் சமாளித்துக்கொண்டே, இன்னொரு பக்கம் முழு விளையாட்டையும் அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டினார். ஓடுகிற எக்ஸ்சேஞ்சை நிறுத்தாமல் பக்கத்து அறையில் புதியதை நிறுவி, ஒரு ராத்திரியில் கேபிளை மாற்றிக் கொடுக்கிற வேலை அது. கட்-ஓவர் என்போம். எங்களுக்கு அந்த ராத்திரிகளில் தூக்கம் வராது.

அவர்களுடைய கட்-ஓவர் ராத்திரி 2012 நவம்பர் 11. கதைப்படி வானத்தில் ஒரு சிவப்பு நிலா மாதக்கணக்காகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அன்று அது விழுந்து உடைந்து, உள்ளேயிருந்து ஒரு மாபெரும் டிராகன் வெளிப்பட்டு உலகத்தையே எரித்தது. சர்வர்கள் அணைந்தன. தோற்றுப்போன சரக்கைச் சத்தமில்லாமல் குடோனில் போடாமல், கதைக்குள்ளேயே பிரளயம் வைத்து முடித்தார்கள். கடைசிவரை கூட இருந்தவர்கள் புதிய உலகத்திலும் அதே பெயரோடு, அதே முகத்தோடு எழுந்து வரலாம்.

புதியது 2013 ஆகஸ்ட் 27 அன்று வந்தது. முதல் வாரம் ஒரே அமளி. உள்ளே நுழைய முடியவில்லை. கூட்டம் தாங்காமல் இணையத்தில் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். 2010-ஐ நினைவு வைத்திருந்தவர்கள், மறுபடியும் கவிழ்த்துவிட்டான் என்றிருப்பார்கள். ஆனால் இது டெட் லைன் இல்லை, தீபாவளி காலை. சர்வர்களைக் கூட்டியதும் அடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் திரும்பவும் இதே கதை: புதிய பாகம் வெளிவந்து கூட்டம் முட்டி, விற்பனையை மறுபடி நிறுத்தினார்கள். காத்திருந்தவர்களுக்கு ஈடாகச் சில நாட்களை இலவசமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். எங்கள் காலத்தில் என்கேஜ்டு டோனுக்கு யாரும் பில்லில் கழித்ததில்லை.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டது. நான் உள்ளே போனது பேரனால்.

மகன் குடும்பம் மெல்போர்னில். பேரனுக்குப் பதினாலு வயது. வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுவோம். பேசுவோம் என்பது அதிகம். "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படி?" "ஓகே தாத்தா." இரண்டு நிமிஷம் தாண்டாது. பிறகு அவன் அம்மா போனை வாங்கிக்கொள்வாள். பத்து வயது வரை என் தோளை விட்டு இறங்காத பையன். அவன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அவனிடம் கேட்க மூன்றாவது கேள்வி இல்லை.

போன வருஷம் ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன், "நீ ஆடறயே, அதுல நான் வரலாமா?" அவன் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "சீரியஸா தாத்தா?"

மகன் விட்டுப்போன லேப்டாப்பில் அவனே தூரத்திலிருந்து சொல்லிச் சொல்லி ஏற்றவைத்தான். ஓய்வூதியக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி: எழுபதாவது நிலை வரை, இரண்டு கூடுதல் பாகங்களோடு, கால வரையறை இல்லாமல் இலவசமாகவே ஆடலாம். 2023 அக்டோபரிலிருந்து இப்படி. சில கட்டுப்பாடுகள் உண்டு. சந்தைப் பலகையைத் தொட முடியாது. மூன்று லட்சத்துக்கு மேல் காசு சேர்க்க முடியாது. குழு அமைக்க முடியாது. யாராவது அழைத்தால்தான் சேரலாம். ஆக, தாத்தா கூப்பிட முடியாது, பேரன்தான் கூப்பிட வேண்டும். நம் வீட்டு நிலவரத்தை யாரோ ஒட்டுக்கேட்டு விதி எழுதிய மாதிரி இருந்தது. ஒரு எச்சரிக்கை: ஆசைப்பட்டு ஒரு முறை காசு கொடுத்து வாங்கிவிட்டால், அந்தக் கணக்கில் மறுபடி இலவசத்துக்குத் திரும்ப முடியாது.

புதியவர்கள் தலைக்கு மேல் ஒரு பச்சை முளை அடையாளம் தெரியும். அறுபத்தெட்டு வயதில் முளையோடு திரிந்தேன். வீட்டில் இருப்பவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நரைச்ச தலையில முளை விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கதையின் முதல் பகுதி ஆமை வேகம். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு, அந்தப் பையை இவரிடம் சேர் என்று ஆபீஸ் பியூன் வேலை. அவர்களே 2020-இல் சிலவற்றைக் கத்தரித்தார்கள். எனக்கு அதற்குப் பிறகும் நீளம்தான். நான் ஆடும் பதிப்பில் ஜப்பானிய மொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் தவிர வேறு மொழி கிடையாது. எழுத்து பொடி, பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் அவர்கள் சர்வர் வைத்தது 2022 ஜனவரியில். திருச்சியிலிருந்து அங்கே சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளியே நேர்கோட்டில் போய்த் திரும்பப் பத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும், கேபிளோ கடலைச் சுற்றிப் போகிறது. என் திரையில் நான் நெருப்பிலிருந்து விலகியிருப்பேன். சர்வர் கணக்கில் இன்னும் வெந்துகொண்டிருப்பேன். இது யார் தப்பும் இல்லை, இயற்பியல்.

இந்தப் பதிவை இதுவரை எழுதி வைத்திருந்தபோது நண்பர் போன் செய்தார். பேத்தியிடம் கேட்டுவிட்டாராம். "உள்ள போக முடியுதாம் சார். நல்லாத்தான் இருக்காம். ஆனா ஒருத்தரும் கூட வரமாட்டேங்கறாங்களாம். பழைய ஆளுங்க எல்லாம் மேல போயிட்டாங்களாம்."

என்கேஜ்டும் இல்லை, டெட்டும் இல்லை. மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. நோ ரிப்ளை! என் பட்டியலில் இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. பெரும்பாலான கூட்டு விளையாட்டுகள் சாவது இதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. முதல் மாதக் கூட்டம் மேலே ஏறிவிடும். தாமதமாக வருகிறவன் காலி வீதியில் நிற்பான்.

யோஷிதா குழுவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் பிரளயத்தில் இல்லை, இங்கேதான். நூறாவது நிலையில் இருப்பவன் பதினைந்தாம் நிலைக் குகைக்குள் வந்தால் அவன் பலம் அந்தக் குகைக்கு ஏற்றபடி தானாகக் குறைந்துவிடும். தினமும் ஒரு முறை இப்படி எந்தக் குகை என்று பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் போய், அங்கே சிக்கியிருக்கும் புதியவர்களுக்குத் துணை நின்றால் நல்ல வெகுமதி. அதனால் சீனியர்கள் தினமும் படியிறங்கி வருகிறார்கள். எங்கள் இலாகாவில் பழைய லைன்மேன்களைப் புதுப் பையன்களோடு அனுப்ப நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அறிவுரையால் ஒருவரும் போனதில்லை. பயணப்படி கொடுத்தால் போனார்கள்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அதையே இறக்கிக் குடுக்கட்டுமா?" என்றார். இலவசம்தானே, கொடுங்கள், நீங்களும் கூடப் போங்கள் என்றேன். சிரித்தார். போவாரா என்று தெரியாது.

போன ஞாயிறு, இங்கே காலை பத்தரை, அங்கே மாலை நான்கு. பேரனின் அழைப்பு திரையில் வந்தது. சஸ்தாஷா என்ற கடற்குகை. நான்கு பேர் போக வேண்டும். அவன் கேடயம் பிடித்து முன்னால் நின்று அடி வாங்குவான், நான் பின்னால் நின்று அவன் காயம் ஆற்றுவேன், அடிக்க இரண்டு பேர், யாரென்று தெரியாது. போனில் அவன் குரல்: "தாத்தா, பயப்படாதீங்க, நான் எல்லாத்தையும் இழுத்துக்கறேன். என்னை மட்டும் பாருங்க." அவனை மட்டும்தான் பார்த்தேன். ஐம்பது நிமிஷம். நடுவில் பள்ளியில் ஒரு பையன் தன்னைக் கேலி செய்வதைப் பற்றி, நான் கேட்காமலே, சண்டைக்கு நடுவில் நாலு வாக்கியம் சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை. காயம் ஆற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை செத்தேன். ஒருவரும் கோபப்படவில்லை.

முடிந்ததும் கூட வந்தவர்களில் ஒருவருக்கு ஆளுக்கு ஒரு பாராட்டு கொடுக்கலாம். எனக்கு இரண்டு வந்திருந்தது. முன்பின் தெரியாத அந்த இருவரும்தான் கொடுத்திருக்க வேண்டும். சேர்ந்து வருகிறவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளக் கூடாதாம். பேரனுக்கு வருத்தம். எனக்கு இல்லை. முப்பத்தாறு வருஷம் ஆடிட்டுக்குப் பதில் சொன்னவனுக்கு அந்த விதியின் நியாயம் புரியும்.

அடுத்த குகை இந்த ஞாயிறு. அதே பத்தரை.