ஊரா, நகரமா?

பத்தே ஆண்டுகளில் கேரளத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகரவாசிகள் ஆகிவிட்டார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கு நகரங்களில் வசித்தவர்கள் 26 சதவிகிதம், 2011-ல் 47.7. அந்தப் பத்தாண்டில் மாநிலத்தின் மக்கள்தொகை கூடியதோ 5 சதவிகிதத்துக்கும் குறைவு. இவ்வளவு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இடத்தின் பெயர்தான் மாறியது.

அந்தப் பெயர் 'சென்சஸ் டவுன்'. 'கணக்கெடுப்பு நகரம்' என்று மொழிபெயர்க்கலாம். யாருக்குப் புரியும் என்பது வேறு விஷயம். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும் ஆண்களில் 75 சதவிகிதம் பேருக்கு விவசாயம் அல்லாத தொழில் - இம்மூன்றும் பொருந்தினால் கணக்கெடுப்புத் துறை ஒரு கிராமத்தை நகரம் என்று எழுதிக்கொள்ளும். ஆம், ஆண்கள் மட்டும்தான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நாற்று நடப் போனாலும் இந்தக் கணக்கில் அது சேராது.

2001-ல் நாடு முழுவதும் 1,362 ஆக இருந்த இத்தகைய நகரங்கள் 2011-ல் 3,894 ஆயின. மேற்கு வங்காளத்தில் மட்டும் 252 என்பது 780 ஆனது. சிக்கல் இங்கேதான். எண்ணுவதற்கு நகரம், ஆள்வதற்குக் கிராமம். நகராட்சி ஆக்குவது மாநில அரசின் கையில். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தமும் அந்த அதிகாரத்தை மாநிலத்திடமே விட்டுவைத்தது. ஆகவே மூன்று மாடிக் குடியிருப்புகள் எழும்பி, வயல்கள் மனைகளான பிறகும் குப்பைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பு ஒரு செயலாளரும் நாலைந்து ஊழியர்களும் உள்ள பஞ்சாயத்துதான். கழிவுநீர் பக்கத்துக் குளத்தில் இறங்கினால் கேட்பாரில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' என்றால் வணிகர்களின் சபை. இடத்தைவிட, அதை நிர்வகித்த கூட்டத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். இன்றைய நிலை தலைகீழ். 2011 கணக்கெடுப்பில் 6.37 லட்சம் பேர் இருந்த நொய்டாவே சென்சஸ் டவுன்தான். 1976-ல் தொழில் நகராகத் தொடங்கப்பட்ட அங்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி கிடையாது. அதிகாரிகளின் ஆணையமே எல்லாம்.

மாநிலங்கள் ஏன் தயங்குகின்றன? கிராமம் என்றால் ஊரக வளர்ச்சி நிதி வரும். தமிழ்நாட்டில் 2004-ல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது இந்தக் கணக்கில்தான். ஆட்சி மாறிய 2006-ல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின. இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களில் மாறியது பெயர்ப்பலகைதான்.

குடியிருப்போரும் எல்லா இடத்திலும் நகராட்சி கேட்பதில்லை. சொத்து வரி ஏறும், வீடு கட்ட அனுமதிக்கு அலைய வேண்டும். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது நூறு நாள் வேலையும் கிராமங்களுக்கே என்றாயிற்று. நிலமில்லாத குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரமானால் கூலி போகும், கிராமமாகவே இருந்தால் சாக்கடை வராது என்று அவர்களை நிறுத்தி வைத்த அரசுகளைத்தான் கேட்க வேண்டும்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027-க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். 2011-க்குப் பிறகு நெடுஞ்சாலைகளை ஒட்டி வீங்கிய ஊர்கள் எத்தனை என்பது அதில் தெரியவரும். அவற்றில் எத்தனைக்கு நகராட்சி கிடைக்கும் என்பதை மாநிலத் தலைநகரங்களில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.